முள்ளைக் கவ்வும் வாய்: ஃப்ளை கட்ட வைஸ் வாங்குமுன்

திருகோணமலையில் டச்சுக்குடாப் பக்கம் வளர்ந்த எனக்கு மீன்பிடி என்றால் தங்கூசி, முள், ஈயக்கட்டி, அவ்வளவுதான். இரைக்கு இறால், அது கிடைக்காத நாளில் கணவாய்த் துண்டு. "ஃப்ளை" என்ற சொல்லை முதன்முறை கேட்டபோது, ஈயைப் பிடித்து முள்ளில் குத்துவார்களாக்கும் என்று நினைத்தேன்.

அப்படியில்லை. வெறும் முள்ளில் இறகு, மயிர், மினுங்கும் இழை எல்லாவற்றையும் நூலால் சுற்றிக் கட்டிச் செய்கிற பொய் இரைக்குத்தான் ஃப்ளை என்று பெயர். குளிர்நாட்டு ஓடைகளில் ட்ரவுட் மீன் தின்னும் பூச்சிகளைப்போலக் கட்டத் தொடங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டுக்கும் அது மலைநாட்டு வழியாகத்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிக்க ஃப்ளையும் வந்தது. கடலுக்குக் கட்டும் ஃப்ளையில் பூச்சி இல்லை. சின்ன மீன், இறால், நண்டு இவற்றின் சாயலில் கட்டுவார்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்குப் பாரமே இல்லை எனலாம். பாரமெல்லாம் தடித்த கயிறுபோன்ற அந்த வீச்சு நூலுக்கு. நூலை வீசினால் ஃப்ளை அதன் பின்னால் போய் விழும்.

யோசித்துப் பார்த்தால் இது எங்கள் வீட்டுக்குப் புதிதும் இல்லை. அம்மப்பா வெள்ளைச் சேவல் இறகை முள்ளில் கட்டி, வள்ளத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு போவார். லெஃப்ட்டி க்ரே என்ற அமெரிக்கர் 1950களின் இறுதியில் கட்டிய "டிசீவர்" என்ற ஃப்ளையும் கிட்டத்தட்ட அதேதான்: வாலுக்குச் சேவல் இறகு, கழுத்தைச் சுற்றி மான்வால் மயிர். அந்த ஃப்ளையை 1991இல் அமெரிக்கத் தபால் முத்திரையில் அச்சடித்தார்கள். அம்மப்பாவின் இறகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஆனால் சீலா மீன் இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்திருக்காது.

அம்மப்பா கட்டும்போது முள்ளை இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்திருப்பார்; நூலின் ஒரு நுனி பல்லில் இருக்கும். அந்த இரண்டு விரல்களின் வேலையைச் செய்வதுதான் வைஸ். முள்ளின் வளைவை அது கவ்விக்கொள்ள, தண்டும் காதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கையும் நமக்குக் கிடைக்கும், பல்லும் மிஞ்சும். மேசையில் நிற்க ஓர் அடி, அதிலிருந்து எழும்பும் ஒரு தண்டு, தண்டின் உச்சியில் முள்ளைக் கவ்வும் ஒரு வாய். இதற்குமேல் சொல்லப்படுகிற எல்லாம் வசதிகள்தான்.

எந்த வைஸ் நீண்டநாள் உழைக்கும் என்று கேட்டால் நான் வாயைத்தான் பார்க்கச் சொல்வேன். அதிலும் திருகோணமலையில் இருந்துகொண்டு வாங்குகிறவர் வாயை இரண்டு முறை பார்க்க வேண்டும். காரணம் இரண்டு: நாம் கட்டுகிற முள் தடித்தது, நாம் மூச்சுவிடுகிற காற்று உப்பு.

முதலில் முள். முள்ளின் அளவு எண்கள் புதியவரைக் குழப்பும், ஏனென்றால் அவை பாதி தூரம் தலைகீழாக ஓடுகின்றன. 18 என்றால் நெல்மணியளவு முள், 10 அதைவிடப் பெரியது, 2 இன்னும் பெரியது. 1ஐத் தாண்டியதும் எண்ணுக்குப் பின்னால் ஒரு சுழியம் ஏறி, வரிசை திரும்பி நடக்கும்: 1/0, 2/0, 4/0 என்று போகப் போக முள் பெரிதாகும். ட்ரவுட்டுக்குக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 10 முதல் 18 வரை புழங்குவார்கள். நிலாவெளிக் கரையில் நின்று பாரைக்குட்டிக்கு வீச எனக்கு 1/0 போதும். கிண்ணியாப் பக்கக் கழிமுகத்தில் கொடுவா தேடினால் 2/0, 3/0. பெரிய பாரையை நினைத்துக் கட்டினால் 6/0க்குக் குறையாது. அது முள் இல்லை, வளைத்த ஆணி. (புறாமலைப் பக்கம் தூண்டிலோடு போகும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா.)

விலை குறைந்த வைஸ்கள் பல ட்ரவுட் முள்ளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. "எல்லா அளவுக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் போட்டிருக்கும். பொருந்தும் என்பது வாய்க்குள் நுழையும் என்பது மட்டும்தான். பிடித்து நிற்குமா என்பது வேறு கேள்வி. கடல் ஃப்ளையில் நூலை இறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும், தளர்வாகக் கட்டியதை ஒரு சீலா ஒரே கடியில் உரித்துவிடும். அப்படி இழுக்கும்போது வாய்க்குள் முள் மெல்லக் கீழே சரிந்தால், கட்டுகிற கைக்கு எரிச்சல் வரும். தெறித்து வெளியே வந்தால் விரலில் ஏறும். எனக்கு ஏறியிருக்கிறது.

அந்தக் கதையைச் சொன்னால் உலோகம் பற்றிய விளக்கம் சுலபமாகும். என் முதல் வைஸ் இணையத்தில் வாங்கிய, பளபளவென்று இருந்த மலிவுச் சரக்கு. எவருடைய தயாரிப்பு என்பது இங்கே தேவையில்லை. மூன்று மாதம் சின்ன முள்ளுக்கு நன்றாகத்தான் இருந்தது. பிறகு 4/0 முள்ளைப் போட்டு இறுக்கிக் கட்டத் தொடங்கினேன். ஒருநாள் வாயைத் திறந்து பார்த்தால் உட்பக்கத்தில் முள்ளின் வளைவு அப்படியே ஒரு வாய்க்கால்போலப் பதிந்திருக்கிறது. அதன் பிறகு சின்ன முள் எதைப் போட்டாலும் அந்த வாய்க்காலுக்குள் விழுந்து ஆடும். எங்கள் ஊர்க் கடைச்சல் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்கார அண்ணன் அதை வாங்கி, ஓர் அரத்தை வாயின் ஓரத்தில் வைத்து ஒரு இழு இழுத்தார். அரம் வெண்ணெயில் போனதுபோலப் போனது.

"தம்பி, இது பச்சை இரும்பு. முள்ளு உருக்கு. உருக்கு பச்சை இரும்பைத் தின்னும்தானே?"

இதைவிடச் சுருக்கமாக நானும் சொல்ல முடியாது. தூண்டில் முள் பெரும்பாலும் கரிமம் கூடிய உருக்குக் கம்பியில் செய்து, தோய்ச்சல் வைத்தது, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியது. அதைக் கவ்வுகிற வாய் முள்ளளவுக்காவது கடினமாக இருந்தால்தான் முள் அதில் தடம் பதிக்காது. அதற்காகக் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. நெருப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த உருக்கு கண்ணாடிபோல ஆகிவிடும். அப்படியே விட்டால் வாயின் நுனி ஒருநாள் பொட்டென்று உடையும். ஆகவே தோய்த்த பிறகு மறுபடி மெதுவாகச் சூடாக்கி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக உறுதியை வாங்க வேண்டும். அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிய முகத்தில் வைக்கோல் நிறம் படரும் நேரம் சுமார் 220, 230 பாகை. நீலம் ஏறினால் 300ஐ நெருங்கிவிட்டது, உருக்கு அந்த அளவுக்கு மென்மையாகியும் விட்டது. பட்டறைக்கார அண்ணன் எனக்குப் புது வாய் கடைந்து கொடுத்து, நிறத்தைப் பார்த்தே இதைச் செய்தார். வெப்பமானி எதுவும் இல்லை. நல்ல வைஸ் நிறுவனங்கள் இதே வேலையை அளவான உலையில் செய்கின்றன. விலையில் ஒரு பங்கு அதற்கும் போகிறது.

இனி உப்பு. கச்சான் வீசும் மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும், இரும்புக்குக் கொஞ்சம் ஓய்வு. வாடை தொடங்கினால் சன்னல் கம்பியே ஈரமாக இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆகவே இங்கே வாங்க நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தது இல்லையா?" என்றுதான். நானும் கேட்டேன். கேள்வியில் பிழை இருக்கிறது. சமையலறைப் பாத்திரமும் படகுச் சாமானும் செய்கிற 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்குத் தோய்ச்சல் ஏறாது. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. அதில் வாய் செய்தால் துருப்பிடிக்காது, முள்ளும் நிற்காது. தோய்ச்சல் ஏறும் ஸ்டெயின்லெஸ் வகைகளும் உண்டு, 440சி அதில் ஒன்று, கத்திக்குப் போடுவார்கள். ஆனால் அது கடலோரத்தில் 316 அளவுக்குத் தாக்குப் பிடிக்காது. ஆகவே நன்றாகக் கவ்வும் வாய் என்றால் கொஞ்சமாவது துருப்பிடிக்கும் வாய்தான். அதை ஏற்றுக்கொண்டு, எண்ணெய்ப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி. வாயைத் தவிர்த்த மற்ற பாகங்கள் ஸ்டெயின்லெஸ், பித்தளை, பிளாஸ்டிக் எதுவாகவும் இருக்கட்டும், நல்லதுதான். டென்மார்க்கின் டான்வைஸுக்கு உடலின் பெரும்பகுதி பிளாஸ்டிக். பார்க்க விளையாட்டுச் சாமான்போலத் தெரிந்தாலும் உப்புக்காற்றுக்கு அது மோசமான யோசனை இல்லை.

இதிலிருந்து கையோடு ஒரு சோதனை கிடைக்கிறது. சின்னக் காந்தம் ஒன்றை வாயில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது தோய்ச்சல் ஏறிய உருக்கு இல்லை, சந்தேகமே வேண்டாம். ஒட்டினால் மட்டும் நம்பிவிடக் கூடாது, பச்சை இரும்புக்கும் காந்தம் ஒட்டும். அதற்குத்தான் அரம். விற்பவர் சம்மதித்தால் வாயின் பின்பக்கம், கண்ணுக்குப் படாத மூலையில், மெல்லிய அரத்தை லேசாக இழுங்கள். தோய்ச்சல் ஏறியதில் அரம் கடிக்காமல் வழுக்கும். சம்மதிக்காவிட்டால் அவர்மேல் கோபிக்க வேண்டாம்.

அலுமினியப் பாகங்கள் உள்ள வைஸில் இன்னொரு தொல்லை இருக்கிறது. அலுமினியத்துக்குள் உருக்குத் திருகாணி முறுக்கப்பட்டு, இடையில் உப்பு ஈரம் புகுந்தால், அங்கே ஒரு சின்னப் பற்றரி வேலை செய்யத் தொடங்கும், தேய்ந்துபோவது அலுமினியம். திருகாணியைச் சுற்றி வெள்ளை மா பூத்ததுபோல வரும். ஒரு வருடம் கழித்து அலன் கீ போட்டுத் திருகினால் அசையாது, விடாமல் திருகினால் கீயின் தலை வழுக்கும். புது வைஸ் வந்த அன்றைக்கே திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் தடவித் திரும்பப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பத்து நிமிட வேலை.

வாய் எப்படி மூடுகிறது என்பதில் மூன்று முறைகள் உண்டு. பழைய முறை, நெடுக்காகப் பிளந்த ஒரு கூம்பு. பின்னால் உள்ள நெம்பை அழுத்தினால் கூம்பு ஒரு குழாய்க்குள் இழுபடும், இழுபட இழுபடப் பிளவு இறுகும். துளைபோடும் மெஷின் ஊசியைப் பிடிப்பதுபோலத்தான். அமெரிக்காவின் தொம்சன் நிறுவனம் செய்த "ஏ" மாதிரி இப்படிப்பட்டது. உலகம் முழுக்க மலிவு வைஸ்கள் அதைப் பார்த்துச் செய்தவை. நன்றாகச் செய்தால் பல வருடம் உழைக்கும். குழாயின் உட்பக்கம் தேய்ந்தால் பிடி தளரும்.

இரண்டாவது, உடுப்புக் கிளிப் மாதிரி. ஸ்பிரிங் எப்போதும் வாயை மூடியே வைத்திருக்கும்; கைப்பிடியை அழுத்தினால் திறக்கும், விட்டால் கவ்வும். ரீகல் என்ற நிறுவனம் இதற்குப் பேர்போனது. முள் தடிக்கத் தடிக்க ஸ்பிரிங் கூட விரியும், பிடியும் தானாகக் கூடும். ஒரு ஃப்ளைக்குச் சின்ன முள், அடுத்ததற்குப் பெரிய முள் என்று மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு இது சுகம், ஏனென்றால் சரிப்படுத்த எதுவும் இல்லை. கழன்று விழுவதற்கும் துருப்பிடித்து இறுகுவதற்கும் சாமான் குறைவு என்பது நமக்குக் கூடுதல் லாபம். என்னைக் கேட்டால் உப்புக்காற்றுக்கு இந்த வகையைத்தான் சொல்வேன். ஸ்பிரிங் உருக்கும் துருப்பிடிக்கும்தான், எண்ணெய் அதற்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவதில் இரண்டு தகடுகள் நடுவில் ஒரு திருகாணியால் சேர்ந்திருக்கும். பின்னால் உள்ள நெம்பு பின்பக்கத்தைப் பிரித்தால், ஏறுபலகைபோல முன்பக்கம் மூடும். ரென்செட்டி, பீக் வைஸ்கள் இப்படி. மிக உறுதியாகப் பிடிக்கும், ஆனால் முள் அளவு மாறும்போதெல்லாம் திருகாணியைச் சரிப்படுத்த வேண்டும். சரிப்படுத்தாமல் நெம்பை மட்டும் பலத்தால் அமுக்கித்தான் பலர் வாயை உடைக்கிறார்கள். முதலில் திருகாணியால் முள்ளைத் தொடும்வரை மூடி, பிறகு நெம்பால் இறுக்க வேண்டும். நெம்பை அமுக்கப் பெருவிரல் சிவக்கிறது என்றால் இடைவெளி பிழை.

சுழலும் வைஸ் தேவையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதில் இரண்டு வகை கலந்துபோய்க் கிடக்கிறது. உண்மையாகச் சுழல்கிற வைஸில் முள்ளின் தண்டு சுழலும் அச்சிலேயே இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் முள் இடம் மாறாமல் தன்னைத்தானே சுற்றும், நூலும் இறகும் தானாகச் சுற்றிக்கொள்ளும். மற்ற வகை வெறுமனே திரும்பும், அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். 1980களில் பொப் க்ளவ்சர் கட்டிய ஃப்ளைபோல, முள்ளில் பாரமான கண்களைக் கட்டித் தண்ணீரில் தலைகீழாக ஓடவிடுபவற்றுக்குத் திரும்பும் வைஸ் பெரிய உதவி. முள்ளைக் கழற்றாமலே புரட்டிக் கட்டலாம். திரும்பினால் போதும், சுழல வேண்டும் என்று காசைக் கூட்ட வேண்டாம். சுழல்வதை வாங்கியே ஆக வேண்டுமென்றால் உள்ளே குண்டு பெயரிங் இருக்கிறதா, வெண்கலம் அல்லது பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்று கேளுங்கள். குண்டு வாடைக்காலத்தில் கரகரக்கும்.

அடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேசை விளிம்பைக் கவ்வும் அடி அசையவே அசையாது, ஆனால் அதற்குத் தகுந்த மேசை வேண்டும். பிளாஸ்டிக் மேசையில் போட்டால் மேசை ஆடும். பாரமான தட்டு அடி எங்கேயும் நிற்கும். இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் 6/0 கட்டும்போது பின்பக்கம் எழும்பும். தண்டின் விட்டம் அநேகமாக எல்லா வைஸுக்கும் முக்கால் அங்குலத்தின் பாதி, அதாவது சுமார் 9.5 மில்லிமீற்றர். ஆகவே அடியை மட்டும் ஊர்ப் பட்டறையில் செய்விக்கலாம். என்னுடையது ஒரு பழைய லொறி பிரேக் டிரம்மிலிருந்து வெட்டிய துண்டு. அசிங்கமாக இருக்கிறது, அசையாமல் இருக்கிறது.

விலை என்றால் 25 டொலரில் தொடங்கி 500ஐத் தாண்டிப் போகும். 25இல் கிடைப்பதை வாங்கித்தான் நான் கை சுட்டேன். 100க்கும் 200க்கும் இடையில் நல்ல வாய் உள்ளவை கிடைக்கின்றன. அதற்குமேல் போகும் காசு பெரும்பாலும் சுழற்சிக்கும் அழகுக்கும். "ஆயுள் உத்தரவாதம்" என்று போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். உடைந்த சாமானை இங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பும் தபால் செலவையும் கணக்கில் எடுங்கள். வாய் தனியாக விற்பனைக்கு உண்டா என்று கேட்டு, உண்டென்றால் வாங்கும்போதே இன்னொரு சோடி வாங்கி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த உத்தரவாதம். வாய் தனியாகக் கிடைக்காத வைஸ், என்ன விலையென்றாலும், எனக்கு வேண்டாம்.

கையில் கிடைத்ததும் நீங்கள் கட்டப்போகிற மிகப் பெரிய முள்ளைப் போட்டுப் பாருங்கள். வளைவின் நடுவைக் கவ்வ வேண்டும். கூர்முனையை வாய்க்குள் புதைத்தால் முனை மழுங்கும், சிலவேளை ஒடியும். பிறகு காதின்மேல் விரலை வைத்துக் கீழே அமுக்குங்கள். மெல்லிய முள் என்றால் தண்டு வில்போல வளைந்து திரும்ப நிமிர வேண்டும், தடித்த முள் அசையவே கூடாது. எந்த முள்ளென்றாலும் வாய்க்குள் சரியக் கூடாது. இதைச் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து விடுங்கள். மூடிய வாய்க்குள் ஈரம் நிற்கும், ஸ்பிரிங்கும் நெம்பும் வீணாக இறுகிக் கிடக்கும். ஸ்பிரிங் வகை தானாகவே மூடிக்கொள்ளும் என்பதால் அதன் வாய்க்கிடையில் எண்ணெய் தொட்ட கடதாசித் துண்டொன்றைச் செருகி விடலாம். எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் வீட்டில் தாராளமாக இருக்கிறது என்று அதைத் தடவாதீர்கள், கொஞ்ச நாளில் பிசுபிசுத்து இறகுத்தூள் எல்லாம் அதில் ஒட்டும். கட்டத் தொடங்குமுன் வாயைத் துணியால் துடைத்துவிட வேண்டும், எண்ணெய்ப்பட்ட முள்ளில் நூல் வழுக்கும். என் வைஸ்மேல் போர்த்துவது ஒரு பழைய சாரத் துண்டு. வாடைக்காலத்தில் அதிலும் இரண்டு சொட்டு விடுவேன்.